எட்டு மடங்கு

துப்பாக்கியில் பொருத்திக் குறிபார்க்கும் ஸ்கோப்பின் வழியே பார்த்தால் தண்ணீர்த் தொட்டியின் ஓரத்துப் புல் ஓர் இடத்தில் மட்டும் அழுந்திக் கிடந்தது. கண்ணை எடுத்துவிட்டுப் பார்த்தால் அதே புல் நிமிர்ந்து நின்று காற்றில் அசைந்தது. ரீகுஸ் மாறி மாறிப் பார்த்தான். கடைசியில், கண்ணாடிக்குள், அழுந்தியிருந்த புல் தாள் தாளாக மெல்ல எழுந்தது, அதன்மேல் படுத்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போனதைப்போல.

கண்ணாடியைத் துடைத்தான். துணியில் தூசுகூட ஒட்டவில்லை.

அது அவனுடைய ஸ்கோப் அல்ல. போன வருடம் அவனுடைய பண்ணைக்கு வேட்டைக்கு வந்தவர் விட்டுப்போனது. அனுப்பி வைக்கட்டுமா என்று போனில் கேட்டபோது, வேண்டாம் என்று ஒரே சொல்லில் வைத்துவிட்டார். அலமாரியில் கிடந்ததை இன்று எடுக்கவேண்டியதாயிற்று. ஆஸ்திரியாவில் செங்கல் தொழிற்சாலை வைத்திருக்கும் கெர்ஹோல்ட், சிறுத்தை சுட நமீபியாவுக்கு வந்திருந்தார். ரைஃபிள் நல்லபடியாக வந்து சேர்ந்தது. அதன் ஸ்கோப் மட்டும் விமானத்தில் உடைந்துவிட்டது.

ரீகுஸ் இரண்டை எடுத்து மேசையில் வைத்தான். ஒன்று சிறியது. எதையும் பெரிதாக்காமலே காட்டும்; புதருக்குள் ஒன்று பாய்ந்து வந்தால் அதன் முழு உடலும் தெரியும். மற்றது இது. கிண்ணம்போல அகன்ற முன்கண்ணாடி, எப்போதும் எட்டு மடங்கு, கூட்டவும் குறைக்கவும் முடியாது. வெளியே இருட்டிய பிறகும் இதற்குள் கொஞ்சம் பகல் மிச்சமிருக்கும்.

சிறியதை எடுக்கச் சொன்னான். சிறுத்தைக்குக் காயம் மட்டும் பட்டால் பின்தொடர்ந்து புதருக்குள் போயாகவேண்டும், அங்கே எட்டு மடங்கில் ஒரு பிடி மயிர்தான் தெரியும் என்று விளக்கினான். கெர்ஹோல்ட் சிரித்தார்.

"புதருக்குள்ள போறது உங்க வேலை. சுடுறது என் வேலை. எனக்கு நல்லாத் தெரிஞ்சாப் போதும்."

தடம் பார்க்கும் வெதாருஹே கதவில் சாய்ந்து நின்றான். அவனும் ரீகுஸும் இதே பண்ணையில் ஒன்றாக வளர்ந்தவர்கள். கெர்ஹோல்டுக்குப் புரியாத ஹெரேரோ மொழியில் சொன்னான்: "குடுத்துத் தொலை. இல்லேன்னா மரத்தைச் சுட்டுட்டு, சிறுத்தைன்னு மாலை போடச் சொல்லுவான்."

சாயங்காலம் புல்லால் வேய்ந்த மறைப்புக்குள் ரீகுஸும் கெர்ஹோல்டும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தார்கள். அங்கே பேச்சு கிடையாது. ரீகுஸ் கெர்ஹோல்டின் முழங்காலை அழுத்தினால் சுடலாம், அழுத்தாவிட்டால் சுடக்கூடாது. சிறுத்தை இரையை மரமேற்றித் தின்னும் என்பதால் எதிர்மரத்தின் கிளையில் கட்டியிருந்த வரிக்குதிரைத் தொடையின் இனிப்பான அழுகல் வாடை காற்று திரும்பும்போதெல்லாம் வந்து தொண்டையில் படிந்தது, ஈக்கள் இரைந்தன, எங்கோ புறாக்கள் ஓயாமல் முனகிக்கொண்டிருந்தன, மண்ணின் சூடு மெல்ல இறங்கியது. பிறகு புறாக்கள் நின்றன. ஈக்களும்.

கெர்ஹோல்டின் மூச்சு மாறியது. கன்னம் ரைஃபிளின்மேல் படிந்தது.

ரீகுஸ் தன் பைனாகுலரை உயர்த்தினான். கிளை காலியாக இருந்தது.

தொடை ஆடியது. காற்றில்லாமல் ஆடியது. கயிறு விறைத்தது. இறைச்சியில் ஒரு துண்டு கிழிந்து, கீழே விழாமல், இல்லாமல் போனது. எலும்பின்மேல் சொரசொரப்பான நாக்கு இழுபடும் சத்தம் தெளிவாகக் கேட்டது. கிளையில் எதுவும் இல்லை.

அவன் முழங்காலை அழுத்தவில்லை. வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தபோது கெர்ஹோல்ட் சுட்டுவிட்டார்.

கனமான ஒன்று தரையில் விழுந்தது. ஒரு உறுமல். புதர் பிளந்து மூடிக்கொண்டது.

சத்தம் கேட்டு வெதாருஹே வண்டியை ஓட்டி வந்தான். மரத்தடியில் குனிந்து ஓர் இலையைக் கிள்ளி மோந்து பார்த்தான். ரத்தம்தான். நுரையீரலில் படவில்லை, சதையில்தான் பட்டிருக்கிறது. ரத்தம் சிந்திய மிருகத்தை முடிக்காமல் விடக்கூடாது, முடிப்பது வேட்டையை நடத்துபவனின் பொறுப்பு. ஆனாலும் விடியட்டும் என்றான் ரீகுஸ். விடிவதற்குள் கழுதைப்புலிகள் தோலைக் கிழித்துவிடும், எனக்குத் தோல் முழுசாக வேண்டும் என்று சொல்லிவிட்டு, கெர்ஹோல்ட் வண்டியில் ஏறி ஒரு பீரைத் திறந்தார்.

கிளையில் எதையும் பார்க்கவில்லை என்று ரீகுஸ் வெதாருஹேயிடம் மட்டும் தாழ்ந்த குரலில் சொன்னான். நீ வரவேண்டாம் என்றும் சொன்னான்.

"கண்ணாடி போடுற வயசு உனக்கு. நீ தனியாப் போனா ரத்தத்தை யாரு பாக்குறது? யானை நடந்த தடமே உனக்குத் தெரியாது."

ரீகுஸ் தன் ரைஃபிளைத் தோளில் மாட்டினான். ஸ்கோப் இல்லாதது, புதருக்கென்றே வைத்திருப்பது. நாலடி போய் நின்றான். திரும்பி வந்து அதை வண்டியில் வைத்துவிட்டு, கெர்ஹோல்டின் மடியிலிருந்த ரைஃபிளை எடுத்துக்கொண்டான். எதில் தெரிந்ததோ அதில்தான் தெரியும்.

வெதாருஹே குனிந்தபடி முன்னால் போனான். முள் சட்டையை இழுத்தது. மேற்கில் சாம்பல் நிறத்தில் ஒரு கீற்று வெளிச்சம். ஒரு துளி. இன்னொரு துளி. ஒரு கல்லின்மேல் நீளமாக ஒன்று. பிறகு எதுவும் இல்லை.

"இங்க நின்னிருக்கு," என்றான். "அப்புறம் எங்கயும் போகலை."

அவன் காலடியில் இருந்த இலையில் ஒரு துளி விழுந்தது. புதிதாக.

ரீகுஸ் ரைஃபிளை உயர்த்தினான். இரண்டு கண்ணையும் திறந்து சுடுகிறவன் அவன். இடக்கண்ணில் வெதாருஹேயின் முதுகு, தொப்பி, முள்மரம். வலக்கண்ணில் மஞ்சள் மயிர். கரும்புள்ளிகள். வட்டம் முழுக்க. ஈரமாக. மூச்சு வாங்கிக்கொண்டு.

குழாயை ஒரு விரற்கடை நகர்த்தினான். மயிர். இன்னும் நகர்த்தினான். மயிர். ஒரு காது. மனிதக் காது. அதற்குமேல் ஈறு.

எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது? வட்டம் காட்டவில்லை. நாணயம் அளவு வட்டம். சிறிய ஸ்கோப்பாக இருந்தால் ஒரே பார்வையில் தெரிந்திருக்கும். அவன் நாடித் துடிப்பில் வட்டம் குதித்தது. மயிர், காது, மயிர், காது.

வெதாருஹே திரும்பினான். இடக்கண்ணில் அவன் சிரிப்பு.

"என்னையா குறி பாக்குற?"

"அசையாதே."

"என்ன இருக்கு?"

வெதாருஹே கழுத்தைச் சொறிந்தான். விரல் ஈரமாக இருப்பதைப் பார்த்தான். பனி என்று நினைத்திருப்பான், சட்டையில் துடைத்துக்கொண்டான்.

ரீகுஸின் விரல் விசையை நெருக்கியது. தளர்ந்தது. மறுபடி நெருக்கியது. வட்டத்துக்குள் தாடை மெல்ல மூடிக்கொண்டிருந்தது. அவசரமே இல்லாமல்.

இடக்கண்ணில் வெதாருஹேயின் குதிகால்கள் தரையை விட்டு எழுந்தன. பிறகு நுனிக்கால்கள். அவன் முதுகு முள்மரத்தின் பட்டையில் உரசியது. தலை முன்னே போக, கைகள் தொங்க, ஒரு இழுப்பு, ஒரு ஓய்வு, ஒரு இழுப்பு என்று அவன் மேலே போய்க்கொண்டிருந்தான். யாரோ விளையாட்டுக்குத் தூக்குகிறார்கள் என்று எண்ணியவனைப்போல, முகத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் முழுதாக அணையாமல், "போதும், இறக்கு, ரீகுஸ், இறக்கு" என்று சொல்லிக்கொண்டே போனான்.