பெட்டி யார் பேருக்கு?

ஐஸ் பெட்டியின் கண்ணாடி உள்பக்கமாக வேர்த்திருந்தது.

வெளிப்பக்கம் வேர்ப்பதை மலர்கொடி எத்தனையோ சாவு வீடுகளில் பார்த்திருக்கிறாள். யாராவது துண்டால் துடைத்து, முகத்தைப் பார்த்து, விட்ட இடத்திலிருந்து ஒப்பாரியைத் தொடர்வார்கள். இது துடைத்தும் போகவில்லை. அதுவும் கண்ணாடி முழுக்க இல்லை. மாமனாரின் வாய்க்கு நேரே மட்டும், ஒரு தட்டு அகலத்துக்கு வெள்ளையாகப் படிந்திருந்தது. சம்பங்கி மாலையும் ஊதுபத்தியும் கலந்த வாசனைக்கு அடியிலிருந்து வேறொரு வாடை மெல்லத் தலைதூக்க, காலையிலிருந்து கர்ரென்று ஓடிக்கொண்டிருந்த மோட்டார் சத்தம் எப்போதோ நின்றுபோயிருப்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. மேலே ஃபேன் சுற்றுகிறது. கரண்டு இருக்கிறது. பெட்டிதான் ஓடவில்லை.

பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று பங்காளிகள் ஒற்றைக்காலில் நின்றபோது, "அவரு வந்து அவங்கப்பா மொகத்தப் பாக்காம எடுக்க விடமாட்டேன்" என்று சண்டை போட்டவள் அவள்தான். கணவன் காசிநாதன் சிங்கப்பூரிலிருந்து வந்து திருச்சியில் இறங்கி, காரில் வந்துகொண்டிருந்தான். அவன் வரும்வரை முகம் கெடக்கூடாது. அவள் கொடுத்த வாக்கு அது.

சாவு வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை என்பதால் எல்லோரும் சாப்பிட அடுத்த தெருவுக்குப் போயிருந்தார்கள். மேளக்காரர்களையும் காணோம். பிணத்தைத் தனியாக விடக்கூடாதென்று அவளை மட்டும் உட்கார வைத்திருந்தார்கள்.

பெட்டி கொண்டுவந்து இறக்கிய வெள்ளைச்சாமிக்குப் போன் போட்டாள். ஸ்விட்ச் ஆஃப். பெட்டியின் பக்கவாட்டில் கம்பெனி ஸ்டிக்கர் பாதி கிழிந்திருந்தது. கடைசியில், டி.வி. கெட்டபோது உதவிய அந்த வெப்சைட் ஞாபகம் வந்தது. எல்லாக் கம்பெனிகளின் கட்டணமில்லா எண்களும் அதில் வரிசையாக இருக்கும். 'ஐஸ் பெட்டி' என்று அடித்தாள். ஐஸ்கிரீம் கம்பெனிகளாக வந்து கொட்டின. இருக்கிற எரிச்சலில் இது வேறு! பிரேதம் என்ற சொல்லை அடிக்க விரல் கூசியது. அடித்தாள்.

ஒரே ஒரு எண் வந்தது. கம்பெனிப் பெயர் இல்லை. 'உங்கள் அருகில்' என்று போட்டு, மேப்பில்கூடச் சரியாக வராத அவள் ஊரின் பெயர் இருந்தது. 'இப்போது திறந்திருக்கிறது.'

பாட்டில்லை, ஒன்றை அழுத்து இரண்டை அழுத்து என்ற தொல்லையில்லை. உடனே எடுத்தார்கள்.

"சொல்லுங்கம்மா." பெண் குரல். இந்தப் பக்கத்துப் பேச்சு.

"பெட்டி ஓடலைங்க. வூட்டுக்காரரு வந்துக்கிட்டே இருக்காரு, அதுக்குள்ள..."

"பதட்டப்படாதீங்க. கண்ணாடி உள்பக்கமா வேர்த்திருக்குங்களா?"

அதை அவள் இன்னும் சொல்லவேயில்லை.

"ஆமாங்க."

"வாய்க்கு நேராத்தானே?"

"ஆ... ஆமாங்க."

"கால் கட்டைவிரல் ரெண்டையும் சேத்துக் கட்டிட்டீங்களா? மூக்குல பஞ்சு வச்சாச்சா?"

"எல்லாம் ஆச்சுங்க."

"நல்லது. பெட்டி யார் பேருக்கு?"

வாசலில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் அய்யம்பெருமாள் என்று பெரிதாக இருந்தது. ஆனால் மாமனார் பெயரை வாய்விட்டுச் சொல்கிற வழக்கம் அவளுக்கில்லை. ரேஷன் கடையிலும் ஆஸ்பத்திரியிலும்கூடப் பக்கத்திலிருப்பவரைச் சொல்லச் சொல்லித்தான் சமாளித்திருக்கிறாள். இப்போது அவரையே முன்னால் கிடத்தி வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? பெட்டிக்குச் சொல்லிவிட்டவன் கணவன்தானே.

"காசிநாதனுங்க."

"காசிநாதன்." எழுதிக்கொள்வதைப்போல் இழுத்துச் சொன்னது குரல். "அவருக்குத்தானே? உறுதியா?"

"ஆமாங்க, சீக்கிரம்."

"மாத்திட்டோம்மா. இப்பப் பாருங்க."

கர்ரென்று மோட்டார் எடுத்தது. மலர்கொடிக்கு அழுகையே வந்துவிட்டது. கையெடுத்துக் கும்பிட்டாள். கண்ணாடியில் படிந்த வெள்ளை மெல்லக் கலைந்து, மாமனாரின் முகம் தெளிந்தது. காலையில் பார்த்ததைவிடக் கொஞ்சம் நிறம் கூடியிருந்த மாதிரி இருந்தது.

போன் அடித்தது. காசிநாதன்.

"பெரம்பலூர் தாண்டிட்டேன் மலரு. கார்ல ஏசி ஒரே சில்லுனு இருக்கு. நிறுத்துனாலும் நிக்க மாட்டேங்குது."

"கண்ணாடிய எறக்கி விடுங்க."

"எறங்கல. உள்ள பூரா ஆவி படிஞ்சு ரோடே தெரியல. காலு வேற மரத்துப்போச்சு, கட்டிப்போட்ட மாதிரி." மூச்சு இழுக்கும் சத்தம். "மூக்கு அடைக்குதுடி. பஞ்சு வச்சாப்ல..."

தொடர்பு அறுந்தது.

அவளுக்குப் புரிந்தது. அந்த எண்ணை மறுபடி அழுத்தினாள். 'நீங்கள் அழைத்த எண் உபயோகத்தில் இல்லை.' வெப்சைட்டில் தேடினாள். ஐஸ்கிரீம். ஐஸ்கிரீம். அந்த எண் இல்லை. எதிர்முனையில் யாருமில்லாத போனை வாயோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அலறினாள்.

"அய்யம்பெருமாள்! பெட்டி அய்யம்பெருமாளுக்குங்க! அய்யம்பெருமாள்!"

பெட்டிக்குள் யாரோ இருமினார்கள்.

திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. வாசலில் கார் வந்து நின்றது. தெருவில் ஆட்கள் ஓடி வருகிற சத்தம். ஓடினாள். காரின் கண்ணாடிகள் நான்கும் உள்ளிருந்து வெள்ளையாக மூடியிருந்தன. டிரைவர் கைகளைத் தேய்த்துக்கொண்டு இறங்கினான்.

"அண்ணன் தூங்கிட்டாருன்னு நெனச்சேங்க்கா..."

பின்கதவைத் திறந்தாள். குளிர் முகத்தில் அடித்தது. சம்பங்கி வாசனை. காசிநாதன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். மூக்கில் பஞ்சு. கால் கட்டைவிரல்கள் இரண்டும் வெள்ளைத்துணியால் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. அவள் கையால் காலையில் கிழித்துக் கட்டிய அதே துணி.

பின்னால், வீட்டுக்குள், மோட்டார் நின்றது.

தலை தானாகத் திரும்பியது. பெட்டிக் கண்ணாடி மறுபடி வெள்ளையாகியிருந்தது. உள்ளிருந்து ஒரு கை அதை நிதானமாகத் துடைத்தது. துடைத்த இடத்தில் மாமனாரின் கண்கள் வாசலைப் பார்த்தன.

"காசி வந்துட்டானா?" என்று ஆசையாகக் கேட்டார்.