அம்மாவின் காது உயரம்

வாண்டுவுக்கு வயது ஒன்பது. கொஞ்ச நாளாக ஒரு பயம் அவளைப் பாடாய்ப் படுத்தியது. அம்மா சிரித்தால் சத்தம் முதலில் மூக்கில் வருமா, வாயில் வருமா? யோசித்து யோசித்துப் பார்த்தாள். ஞாபகமே வரவில்லை. அம்மா இறந்து எட்டு மாதம்தான் ஆகிறது. அதற்குள் மறந்துபோனால் எப்படி?

அவள் அப்பா கார்களுக்கு ஸ்பீக்கர் பொருத்துபவர். முன் கண்ணாடியின் இரு ஓரத்திலும் வைக்கும் குட்டி ஸ்பீக்கர்களோடுதான் அவருக்குத் தினமும் மல்லுக்கட்டு.

"இதுங்க ரோஷக்காரங்க. காதைப் பார்த்துத் திருப்பி வச்சாத்தான் ஒழுங்காப் பேசும்" என்பார். சீட்டில் ஆளை உட்காரவைத்து, ஸ்பீக்கரிலிருந்து காது வரை நூல் பிடித்துத் திருப்புவார். அம்மா இருந்தவரை, கடைசியில் ஒரு பென் டிரைவைச் சொருகுவார். அதில் இருப்பது, சோதித்துப் பார்க்க அவர் பதிவுசெய்து வைத்த அம்மாவின் குரல். அது நட்டநடுவிலிருந்து கேட்டால் வேலை முடிந்தது.

எட்டு மாதமாக அந்த பென் டிரைவ் மேசை இழுப்பறையில் கிடக்கிறது.

ஒரு விடுமுறை நாளில் வாண்டு அதை எடுத்து வந்தாள்.

"ஒரே ஒரு தடவை போடுங்கப்பா."

அப்பா பென் டிரைவைக் கையில் வாங்கினார். பிறகு வாசலில் நின்ற தங்கள் பழைய காரைத் திறந்தார். வாண்டு எப்போதும்போல் பின் சீட்டில் ஏறினாள். குரல் வந்தது. போர்வைக்குள்ளிருந்து யாரோ பேசுவதுபோல் இருந்தது.

"இது அம்மா இல்லப்பா!" வாண்டு அழுதுவிட்டாள்.

"அம்மாதாண்டா. ரெண்டு ஸ்பீக்கரையும் முன்னாடி அம்மா சீட்டுக்குத்தான் திருப்பி வச்சிருக்கேன். வண்டி ஓட்டுறவனை விட்டுட்டுப் பக்கத்து சீட்டுக்கா வைப்பாங்கன்னு கடையில எல்லாரும் கிண்டல் பண்ணுவாங்க. அழாத, உன் பக்கம் திருப்பிடறேன்."

அப்பா ஸ்பீக்கரின் திருகாணியில் திருப்புளியை வைத்தார். கை நகரவில்லை. முதுகு மட்டும் குலுங்கியது.

"கண்ல தூசி" என்றார்.

தூசியெல்லாம் ஒன்றுமில்லை என்று வாண்டுவுக்குத் தெரியும்.

"அதைத் திருப்பாதீங்கப்பா!"

வீட்டுக்குள் ஓடியவள் இரண்டு தலையணைகளோடு வந்தாள். எட்டு மாதமாக யாருமே உட்காராத முன் சீட்டில் ஒன்றைப் போட்டு ஏறி உட்கார்ந்தாள்.

"இப்ப நூல் பிடிங்க."

நூல் அவள் தலைக்கு மேலே போனது. இரண்டாவது தலையணையையும் போட்டாள். நூல் சரியாகக் காதுக்கு வந்தது. அப்பா பொத்தானை அழுத்தினார்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு... கேக்குதாங்க? போதும் விடுங்க, அடுப்புல பால் பொங்குது!"

நட்டநடுவில், எட்டித் தொடும் தூரத்தில், அம்மா சிரித்தாள். மூக்கில்தான்! முதலில் மூக்கில், அப்புறம் வாயில்!

வாண்டு சிரித்தாள். கண்ணீரும் கூடவே வந்தது.

"உங்களுக்கும் இப்படித்தான் கேட்டுச்சாப்பா?"

"ஓட்டுற சீட்ல ஒரு ஓரமாத்தான் கேக்கும். நான் இந்தப் பக்கம் உக்காந்ததே இல்லையே."

வாண்டு சட்டென்று இறங்கித் தலையணைகளை எடுத்தாள். "உக்காருங்க."

அப்பா தயங்கித் தயங்கி உட்கார்ந்தார். அவர் நெட்டை. நூலை இப்போது வாண்டு பிடித்தாள். அது அவர் தோள் பக்கம் வந்து நின்றது.

"குனிங்க. இன்னும். இன்னும் கொஞ்சம்."

அப்பா அம்மாவின் உயரத்துக்குக் குனிந்தார். வாண்டு பொத்தானை அழுத்தினாள்.

"கேக்குதாங்க?" என்றது அம்மாவின் குரல்.

"கேக்குதும்மா" என்றார் அப்பா.