வெறும் வண்டியின் எடை

சரக்கை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிய லாரி எடை மேடையில் ஏறி நின்றபோது, சிவப்பு எண்கள் வழக்கமான இடத்தைத் தாண்டிப் போய் நின்றன. எடை அறைக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெரியவள் கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடியும் பார்த்தாள். ஓர் ஆள் எடை கூடுதலாகக் காட்டியது.

அதைப் போய் யார் பெரிதுபடுத்துவார்கள்? மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த நாட்கள் அவை. சக்கரத்துக்கு மேலே சேறு அப்பியிருக்கும், தார்ப்பாய் தண்ணீரைக் குடித்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, வண்டியைக் கழுவிக் கொண்டுவரச் சொன்னாள்.

அப்பா தொடங்கிய லாரி கம்பெனி அது. அவர் போன பிறகு பிள்ளைகள் இருவரும் இழுத்துப் பிடித்து நடத்திக்கொண்டிருந்தார்கள். அப்பா கூப்பிட்ட மாதிரியே ஷெட்டில் எல்லாருக்கும் அவள் பெரியவள், தம்பி சின்னவன். பெயர்தான் சின்னவன், வாசலில் வந்து நின்றால் அறைக்குள் வெளிச்சம் வராது. வண்டி, டயர், ஓட்டுநர்கள் எல்லாம் அவன் பாடு. வாடிக்கையாளர்களின் போனும் வாக்குவாதமும் எடையும் அவள் தலையில். ஏற்றுவதற்கு முன் காலி வண்டியை எடை போட்டு, ஏற்றிய பிறகு மறுபடி போட்டால்தான் உள்ளே எவ்வளவு சரக்கு என்று சொல்ல முடியும். காலி வண்டியின் எடையே பிசகினால் அப்புறம் எல்லாமே பிசகுதான்.

கழுவிய வண்டியை மேடையில் ஏற்றி நிறுத்தினார் மீசை. மீசையை மழித்துப் பல வருஷமாகியும் பெயர் மட்டும் போகாமல் ஒட்டிக்கொண்டிருந்த ஓட்டுநர் அவர். வயதில் மூத்தவர் என்றாலும் முதலாளி மகளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"மீசையண்ணே, பின்னாடி கூண்டுக்குள்ள ஏதாவது வச்சிருக்கீங்களா?"

"என்ன வச்சிருக்கப் போறேன்? ஜாக்கி, கயிறு, என் சாப்பாட்டு டப்பா. அதுவும் காலி."

அவர் இறங்கி மேடையை விட்டு நகர்ந்தார். அவர் எடை குறைந்தது. கூடுதலாக இருந்தது குறையவில்லை. வண்டியை நகர்த்தினால் எண் ஒழுங்காகப் பூஜ்யத்துக்கு வந்தது. மற்ற லாரிகளை ஏற்றிப் பார்த்தார்கள், எல்லாம் சரி. தகரக் கூண்டு கட்டிய இந்த ஒரு வண்டிதான் இடக்கு பண்ணியது. ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கிற கோழிப் பண்ணைகளுக்குத் தீவனம் கொண்டுபோய்விட்டு வரும் வண்டி.

அடுத்த நடை முடிந்து வந்தபோது இன்னும் கூடியிருந்தது. இம்முறை ஓர் ஆள் எடை இல்லை, ஒரு சிறு குடும்பமே உள்ளே உட்கார்ந்திருக்கிற மாதிரி.

அன்று பொழுது சாய்கிற நேரத்தில், டார்ச்சை எடுத்துக்கொண்டு பெரியவளே கூண்டுக்குள் ஏறினாள். தரையெங்கும் தீவனத் தூள் மாவாகப் படிந்திருந்தது, அதில் ஒரு காலடியும் இல்லை. மூலைகளில் வெளிச்சம் அடித்தாள், கூரையில் அடித்தாள், பலகை இடுக்குகளைக் குனிந்து பார்த்தாள். ஒன்றுமில்லை. ஆனால் வெளியே மழைக்காற்று எலும்பைத் துளைத்துக்கொண்டிருக்க, உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது; நெருக்கியடித்து நின்ற கூட்டம் அப்போதுதான் இறங்கிப் போன பஸ்ஸுக்குள் இருக்கிற சூடு அது, காயாத துணியைப் பெட்டிக்குள் போட்டு மூடிவைத்தால் கிளம்புகிற வாடையும் அதோடு கலந்து அவள் முகத்தில் கதகதவென்று மோதியது. அவசரமாக இறங்கிக் கதவுகளைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள்.

உள்ளே தகரம் 'டொக்' என்றது. ஒருவர் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி நின்றால் எழும் சத்தம்.

தகரம் குளிரில் சுருங்கும். அது அப்படித்தான் சத்தம் போடும். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் இதையே சொல்லிக்கொண்டு போனாள்.

மறுநாள் மீசை வண்டிச் சாவியைக் கொண்டுவந்து அவள் மேசைமேல் வைத்தார்.

"வேற வண்டி குடுங்கக்கா. இல்லேன்னா வீட்டுலயே இருந்துக்கறேன்."

"என்ன ஆச்சு அண்ணே?"

அவர் வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஏரி வளைவுல ரோடு தண்ணிய ஒட்டிப் போகுதில்ல, அங்க ஒரே பனி. கியரைக் குறைச்சேன். நிறுத்தலை, சத்தியமா நிறுத்தலை. பின்னாடி ஸ்பிரிங் பட்டை அமுங்குச்சு."

"பள்ளமா இருக்கும்."

"பள்ளத்துல அமுங்கினா உடனே தூக்கிடும்க்கா. இது தூக்கலை. யாரோ புடிச்சு ஏறி உக்காந்த மாதிரி அமுங்குச்சு, அப்படியே இருந்துச்சு. மொத நடையில ஒண்ணு. போன நடையில ஒண்ணு பின்னாடி ஒண்ணா. கடைசியா ஏறினது ரொம்ப லேசு. சின்னப் புள்ள மாதிரி."

பெரியவள் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தாள், சிரிப்பு வரவில்லை.

"ஏறினவங்க இன்னும் இறங்கலைக்கா" என்றார் மீசை.

சின்னவன் வண்டிக்கு அடியில் படுத்து ஒவ்வொரு பட்டையாகத் தட்டிப் பார்த்தான். எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, மீசைக்குத் தூக்கம் போதவில்லை என்றான். ஆனாலும் அக்காவின் முகத்தைப் பார்த்து, கொஞ்ச நாள் அந்த வண்டி ஓரமாக நிற்கட்டும் என்று ஒத்துக்கொண்டான்.

கொஞ்ச நாள் என்பது தீவன ஆலை மேலாளரின் போன் வரும்வரைதான். அப்பா போன சமயத்தில், சின்னப் பிள்ளைகளை நம்பி எப்படிச் சரக்கு கொடுப்பது என்று மற்ற வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக நழுவியபோது, கூடவே நின்ற ஒரே மனிதர் அவர்.

"அம்மா, பண்ணையில குஞ்சுங்க நேத்துலேருந்து பட்டினி கிடக்குது. இன்னைக்குப் போகலேன்னா கொத்துக் கொத்தாச் செத்துடும். உங்களை விட்டா எனக்கு ஆளில்ல."

"மேல் ரோட்டுல அனுப்பட்டுமா சார்?"

"அங்க பாலத்த வெள்ளம் அடிச்சுட்டுப் போயிடுச்சேம்மா. ஏரி ரோடு ஒண்ணுதான் இருக்கு."

மற்ற லாரிகளுக்குக் கூண்டு கிடையாது. கொட்டுகிற மழையில் தார்ப்பாயை நம்பித் தீவனம் ஏற்றினால் போய்ச் சேருவதற்குள் களியாகிவிடும். அவள் போனை வைப்பதற்குள், மேசைமேல் கிடந்த சாவியைச் சின்னவன் எடுத்துக்கொண்டான்.

"நீ போக வேணாம்டா."

"பின்ன யாரு போறது? அவருக்கு இல்லேன்னு சொல்ல உனக்கு வாய் வருதா?"

"வேணாம்னு மனசு சொல்லுது."

"அக்கா, நான் ஏறி உக்காந்தா அந்த வண்டியில வேற யாருக்கும் இடமே இருக்காது. பயப்படாத." வயிற்றைத் தட்டிக்காட்டிச் சிரித்தான்.

"பொழுதோட திரும்பிடு. எங்கயும் நிறுத்தாத."

"சரி சரி."

மூட்டைகளை இறக்கிவிட்டதும் பண்ணையிலிருந்து பேசினான். மூட்டையைப் பிரிப்பதற்குள் குஞ்சுகள் மேலே ஏறி விழுகின்றன என்றான், குரலில் உற்சாகம் இருந்தது. அதன் பிறகு நேரம் நகரவே இல்லை. மழை நின்று பனி இறங்கியது. ஷெட்டில் ஆட்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள். பெரியவள் எடை அறையிலேயே உட்கார்ந்து, கேட்டுக்கு அப்பால் ரோட்டை மூடியிருந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூரையிலிருந்து சொட்டும் தண்ணீர், சுவருக்குள் முனகும் மின்பெட்டி, தூரத்தில் எந்த வண்டியின் சத்தம் கேட்டாலும் துள்ளி எழுந்து அடங்கும் தன் நெஞ்சு, இவற்றைத் தவிர வேறெதுவும் காதில் விழவில்லை.

பொறுக்க முடியாமல் அவளே கூப்பிட்டாள்.

"எங்கடா வர்ற?"

"ஏரிகிட்ட. ஒரே பனிக்கா. உருட்டிக்கிட்டுத்தான் வர்றேன்." இன்ஜின் தாழ்ந்து உறுமியது. "ரோட்டோரமா ஆளுங்க நிக்கிறாங்க."

"யாரு?"

"தெரியல. நிறையப் பேரு. தொப்பலா நனைஞ்சு... கைப்புள்ளயோட ஒரு பொம்பள..."

"நிறுத்தாத! நான் சொல்றது கேக்குதா? நிறுத்தாத!"

"நிறுத்தலைக்கா." வைப்பரின் சத்தம் மட்டும் வந்தது. பிறகு, அவளிடம் பேசாமல் தனக்குள் சொல்லிக்கொள்கிற குரலில், "ஐயோ பாவம்" என்றான்.

பிரேக் பிடிக்கும் காற்று, புஸ்ஸென்று.

இணைப்பு அறுந்தது.

திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மீசையைக் கூப்பிட்டாள். இப்போதே வருகிறேன், அறையை விட்டு வெளியே வராதீர்கள் என்றார் அவர். மேலாளரைக் கூப்பிடலாமா என்று அவள் யோசிக்கும்போதே கேட்டருகில் விளக்கு வெளிச்சம் தெரிந்தது. மங்கலாக, மஞ்சளாக, பனியைத் துளைக்கத் தெம்பில்லாத வெளிச்சம்.

கூண்டு வண்டி. மெதுவாக வந்தது. பாரம் தாங்காத வண்டி மேட்டில் முக்கி முனகுவதுபோல் வந்தது.

எடை மேடையில் ஏறி நின்றது. இன்ஜின் அணைந்தது.

சிவப்பு எண்கள் மளமளவென்று ஏறின. ஏறிக்கொண்டே போயின. காலையில் தீவனம் நிறைந்து போன எடையை நெருங்கித்தான் நின்றன.

வண்டிக்குள் சின்னவன் உட்கார்ந்திருந்தான். ஸ்டியரிங்மேல் இரண்டு கையும் இருந்தன. நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தான்.

"டேய்" என்றாள். கண்ணாடிக்குள்ளிருந்து சொன்னது அவளுக்கே கேட்கவில்லை.

எண் குறைந்தது.

ஓர் ஆள் எடை. அவன் அசையவில்லை. கூண்டுக் கதவு திறக்கவில்லை. வெளித் தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது.

மறுபடி குறைந்தது. இன்னோர் ஆள். பின்னால் ஜல்லிக்கற்கள் நறநறத்தன. இன்னொன்று. இன்னொன்று. ஒரு பெரியவர் எடை, கூடவே ஒட்டிக்கொண்டு மிக லேசாக ஒன்று. ஜல்லியில் சத்தம் பரவியது. வண்டியைச் சுற்றி. மேடையைச் சுற்றி. வெறும் பனி. ஒரு நிழல்கூட இல்லை.

இறங்கிக்கொண்டே இருந்தார்கள்.

கடைசியில் எண் நின்றது. அவள் வருஷக்கணக்காகப் பார்த்துப் பழகிய எண். அந்த லாரியின் எடை. தகரம், இரும்பு, டயர், டீசல். அவ்வளவு மட்டும்.

சின்னவன் இன்னும் உள்ளேதான் உட்கார்ந்திருந்தான்.

அவள் எண்ணைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். மறுபடி எண்ணை.

வண்டிக் கதவு திறந்தது. அவன் இறங்கினான். அத்தனை பெரிய உடம்பு படியில் கால் வைத்து இறங்கியும் வண்டி ஆடவில்லை. மேடையைத் தாண்டி நடந்து வந்தான். எண் அசையவில்லை. ஜல்லியில் நடந்தான். சத்தம் வரவில்லை.

அவள் எட்டி அறைக் கதவின் தாழ்ப்பாளைப் போட்டாள். அது இரண்டு தடவை நழுவிய பிறகே விழுந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றான். சட்டை, தலைமுடி, இமை எல்லாம் நனைந்து ஒட்டியிருந்தன. முகத்தைக் கண்ணாடியோடு ஒட்டவைத்தான். அவன்தான். அவன் முகம்தான். அவள் தூக்கி வளர்த்த முகம்.

"அக்கா, கதவைத் தொற. இவங்கல்லாம் குளிர்ல நிக்கிறாங்க."

அவன் குரல்தான்.

அவன் தோளுக்கு இடப்பக்கம், யாருமே நிற்காத இடத்தில், கண்ணாடிமேல் திட்டாக மூச்சு படிந்தது.

வலப்பக்கம் இன்னொன்று.

"தொறக்கா. பாவம்ல."

மேலே ஒன்று. கீழே ஒன்று. பக்கத்து ஜன்னலில். கதவின் சின்னக் கண்ணாடியில். ஒரு பெரிய திட்டுக்கு அருகே, கைப்பிள்ளையின் வாயளவு ஒன்று. படிந்து, மங்கி, மறுபடி படிந்தன. மங்குவதற்கு முன் அடுத்தது. அறையைச் சுற்றி எல்லாப் பக்கமும் கண்ணாடி வெள்ளையாக மூடிக்கொண்டு வந்தது.

நடுவில், சின்னவன் வாயை ஒட்டிவைத்து விடாமல் அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்த அந்த ஓர் இடத்தில் மட்டும், கண்ணாடி மங்கவே இல்லை.