தண்ணீர் குடிக்காத தளம்

"மேடம், கதை முடிஞ்சு போச்சு."

"யாரோடது?"

"நம்ம தளத்தோடது."

காலையில் வாட்ச்மேன் போனில் சொன்னது, ஸ்கூட்டரைவிட வேகமாக இன்ஜினீயரின் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

கார் நிறுத்துமிடத்தில் நேற்று அவள் போட்டது சாதாரணத் தளமல்ல. மின் நிலையத்தின் வீண் சாம்பலைச் சிமெண்டோடு கலந்து, மணலைத் தவிர்த்து, ஜல்லிகளுக்கு நடுவே துளை விட்டுப் போட்ட கான்கிரீட். ஊற்றும் தண்ணீர் மண்ணுக்குள் இறங்க வேண்டும். மதியம் அதிகாரிகள் முன்னால் சோதனை. இறங்காவிட்டால் திட்டம் அவ்வளவுதான்... அவள் வேலையும்!

போய்ப் பார்த்தாள்.

தேன்கூடு மாதிரி இருந்த தளம் முகம் பார்க்கலாம் போல மின்னியது!

ஒரு வாளி தண்ணீர் ஊற்றினாள். அது அங்கேயே நின்று அவளை வேடிக்கை பார்த்தது.

யாரோ கொத்தனார் கரண்டியால் தேய்த்துத் துளைகளை அடைத்திருக்கிறார்கள். மூச்சை அடைத்துக் கொலை!

சாம்பல் வந்தால் யாருக்கு நஷ்டம்? சிமெண்ட் வியாபாரிக்கு. வரவழைத்தாள். அவர் தளத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டுச் சொன்னார்.

"கெடுக்க வந்தவன் நாலு மிதி மிதிச்சுட்டுப் போவாம்மா. இவன் மூலைமுடுக்கெல்லாம் பாத்துப் பாத்துத் தேய்ச்சிருக்கான். பாசக்காரப் பயலா இருக்கான்."

அவள் குனிந்தாள். மூலையில் கரண்டி விட்டுப்போன ஒரு குட்டிப் பிறை...

அந்தப் பிறையைத் தினமும் மிதிக்கிறாள். தன் வீட்டுச் சமையலறைத் தரையில்!

யாருமே வரவில்லை என்று சத்தியம் செய்திருந்த வாட்ச்மேனை முறைத்தாள்.

"சார் வந்தாரு. அவரு வீட்டு ஆளு. அவரையெல்லாமா மேடம் கணக்குல சேர்ப்பாங்க?"

சார் என்றால் தரை போடும் மேஸ்திரி. அவள் கணவன்.

போன் செய்ததும் குற்றவாளி பறந்து வந்தான், வாயெல்லாம் பல்லாக.

"எப்படி இருக்கு?"

நேற்று மாலை அவளைக் கூட்டிப்போக வந்தானாம். அவள் கிளம்பியிருந்தாளாம். தளம் ஓட்டை ஓட்டையாகக் கிடந்ததாம்.

"ஆளுங்க பாதியில விட்டுட்டு ஓடிட்டானுங்கன்னு நெனச்சேன். நாலு பேர் முன்னாடி உன் மானம் போகக் கூடாதுல்ல?"

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டின.

ஆனால் சாம்பல் கலந்த கான்கிரீட் நிதானமாகத்தான் இறுகும். அவனைத் தேய்க்கவிட்டதும் அந்த நிதானம்தான். இப்போது காப்பாற்றியதும் அதுதான். மேல்தோல் இன்னும் முழுசாக இறுகவில்லை. கொலைகாரன், சாட்சி, சந்தேகிக்கப்பட்டவர் என்று மூவரும் கம்பி பிரஷ்ஷோடு மண்டியிட்டுச் சுரண்டினார்கள்.

மதியம் லாரித் தண்ணீர் கொட்டியது.

கொட்டிய சுவடே இல்லை. மொத்தமும் உள்ளே!

அதிகாரிகள் கை தட்டிவிட்டுப் போனார்கள். வியர்வையைத் துடைத்தபடி கணவன் அருகில் வந்தான்.

"அடுத்து உன் லேபை ஒழுங்கு பண்ணித் தரட்டா?"

கல்யாணமான நாளிலிருந்து தொண்டைக்குள் விழுங்கி விழுங்கி வைத்திருந்தது வெளியே வந்தது.

"என்னங்க... உங்களுக்குக் கோடிப் புண்ணியம். இனிமே எனக்கு உதவி மட்டும் பண்ணாதீங்க."