மேயருக்குத் தெரியாத பிணம்

இந்தக் காலத்து ஜனங்கள் செத்தவனுக்காகக்கூட வண்டியை விட்டு இறங்குவதில்லை. ஏசியைப் போட்டுக்கொண்டு கண்ணாடி வழியாகவே துக்கம் விசாரிக்கிறார்கள்.

காலையிலேயே வேலியோரம் வரிசையாக நின்ற வண்டிகளைப் பார்த்துக் காறித் துப்பினார் டெல்மர் ஹப்பர்ட்.

அவருடைய ஆடுகள் தண்ணீர் குடிக்கும் தொட்டியில்...

சாம்பல் நிறக் கோட்டு போட்ட ஒருவன் குப்புற மிதந்தான். பின்மண்டை பிளந்திருந்தது.

ஷெரிஃப் நெல்டா பச்செகோ உடலைப் புரட்டினாள். சட்டைப்பைகள் காலி. அடையாளம் காட்ட மேயர் ஸ்டோக்ஸை வரவழைத்தாள். ஒரு நொடி பார்த்தார். இந்த முகத்தைப் பார்த்ததே இல்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நெல்டா டெல்மர் பக்கம் திரும்பினாள்.

போன நகரமன்றக் கூட்டத்தில் அவர் போட்ட சத்தத்தை ஊரே கேட்டிருந்தது. டெக்சாஸ் தலைநகரில் எம்.எல்.ஏ.க்களைச் சரிக்கட்ட, நம் வரிப்பணத்தில் நகரமன்றம் ஒரு தரகனை வைத்திருக்கிறதே, அவன் யார், அவனுக்கு எவ்வளவு என்று கேட்டார். அப்படி யாருமே இல்லை என்றார் மேயர். அவன் என் நிலத்தில் கால் வைத்தால் தொட்டியில் முக்குவேன் என்று கத்தினார் டெல்மர்.

"தொட்டியும் உங்களோடது, பேச்சும் உங்களோடது பெரியவரே. கொலை பண்ணா இந்த மாநிலத்துல ஊசி போடுவாங்க. காய்ச்சலுக்கு இல்ல."

டெல்மர் தொப்பியைக் கழற்றினார்.

"சாயங்காலம் கூட்டம் இருக்கும்மா. யார் வேணா மூணு நிமிஷம் பேசலாம். பேசிட்டு வர்றேன். அப்புறம் விலங்கு மாட்டு."

மாலை. மன்றம் நிரம்பி வழிந்தது. யாரும் டெல்மர் பக்கத்தில் உட்காரவில்லை.

மைக் முன்னால் போய் நின்றார்.

"மதியம் அந்தத் தரகன் எனக்குப் போன் பண்ணான். திங்கக்கிழமை வந்து, எவ்வளவு வாங்கினேன், எதுக்கு வாங்கினேன்னு ஊர் முன்னால சொல்றானாம்."

மேயரின் முகம் சிவந்தது.

"பொய் சொல்லாத பெரிசு. செத்தவன் எப்படிப்பா போன் பண்ணுவான்?"

எல்லாத் தலைகளும் மேயர் பக்கம் திரும்பின.

கதவோரம் நின்ற நெல்டா மெல்ல நடந்து வந்தாள்.

"எந்தச் செத்தவன், மேயர்? உங்களுக்குத்தான் அந்த முகமே தெரியாதே..."

மேயர் நாற்காலியில் சரிந்தார். பிறகு எல்லாம் தானாகவே வெளியே வந்தது. தரகனுக்கு ஆகும் செலவை நகரமன்றங்கள் வெளியிட வேண்டும் என்று ஒரு சட்டம். அதைத் தடுக்கத்தான் அவனையே வைத்திருந்தார்கள்! சட்டம் நிறைவேறிவிட்டது. அவனும் பயந்து, தானே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன் என்று வந்து நின்றான். அவன் பின்மண்டையில் மேயரின் இரும்புக் கம்பி இறங்கியது. பிணத்தை எங்கே போடுவது என்பதை டெல்மரே ஊரறியச் சொல்லியிருந்தார்.

எந்த நம்பரிலிருந்து போன் வந்தது என்று நெல்டா டெல்மரிடம் கேட்டாள்.

"என்கிட்ட ஏதும்மா போனு?"

துணைமேயர் அம்மாள் ஓடிவந்து டெல்மரின் கையைப் பிடித்துக்கொண்டார். நாளை முதல் தரகர் செலவு முழுவதையும் வாசல் கதவில் ஒட்டுவோம் என்று சத்தியம் செய்தார்.

டெல்மர் தொப்பியை மாட்டிக்கொண்டு நடந்தார்.

"ஒட்டுவீங்க தாயி, ஒட்டுவீங்க. கதவோட உள்பக்கமா, வெளிப்பக்கமா?"