கீழ்ப் புல்வெளியின் சாட்சிகள்

தெமோவின் முத்திரை ஈரமாக இருந்தது. மைப்பெட்டியை நிலக்கிழார் தாஹிர் ஆகா இன்னும் திறக்கவில்லை. துடைத்தான். பித்தளையின் மேல் மறுபடியும் நீர் பூத்தது.

அப்பாவின் பெட்டியில், நிலப் பத்திரங்களுக்கு அடியில் கிடந்த ஆட்டுத்தோல் பையில் ஊர்க்காரர்களின் முத்திரைகள் எப்போதும் இருந்தன. எழுதப் படிக்கத் தெரியாத குடியானவர்களுக்காக ஆகாவே குத்திக்கொள்வது வழக்கம். போன வாரம் உயிரோடிருப்பவர்கள் எல்லாரும் வந்து தங்களுடையதை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

"உனக்கெதுக்கு ஆகா இந்தப் பாரம்? எங்க பேரை இனிமே நாங்களே சுமக்கிறோம்" என்றான் நாவிதன் சிமோ. வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

நாளைக் காலை நில அதிகாரிகள் வருகிறார்கள். கீழ்ப் புல்வெளி பரம்பரையாக ஆகா குடும்பத்துடையது என்று ஐந்து சாட்சிகளின் முத்திரை வேண்டும். இல்லாவிட்டால் புல்வெளி ஊருக்குப் போகும். பின்னாலேயே மந்தையும் போகும். பையில் மிஞ்சியவை தெமோவைப்போல் செத்துப்போன ஐந்து பேரின் முத்திரைகள். அப்பா ஒரு குளிர்காலத்தில் அதே புல்வெளியிலிருந்து விரட்டிவிட, மலைக் கணவாயில் பனியில் புதைந்தவர்கள். உடல்கள் கிடைக்கவில்லை. அவர்கள் செத்தது அதிகாரிகளுக்குத் தெரியாது.

வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. கூரை உத்தரங்கள் பனியின் கனத்தில் முனகின, அடுப்பில் வறட்டி புகைந்தது, எங்கோ ஒரு நாய் குரைக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தியது. அந்த நிறுத்தம்தான் அவனை உட்காரவிடவில்லை. எழுந்தான். உட்கார்ந்தான். தெமோவின் முத்திரையை மையில் தொட்டுக் காகிதத்தில் அழுத்தினான்.

முற்றத்துக்கு அப்பால், விருந்தினர் அறையில் யாரோ இருமினார்கள்.

கெலெஃபின் முத்திரை. இன்னொரு இருமல்.

பெரிகான் கதவைத் திறந்தாள். கையில் தேநீர்க் குவளைகள்.

"விருந்தாளிங்க வந்திருக்காங்கன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? இந்த வீட்ல பொண்டாட்டிக்குத்தான் எல்லாம் கடைசியா தெரியும்."

"யாரு?"

"வாசப்படி ஏறினவங்ககிட்ட பேரு கேக்கச் சொல்றீங்களா? நல்லா இருக்கே!"

போய்விட்டாள். ஜன்னலைத் துடைத்துப் பார்த்தான். முற்றத்துப் பனியில் அவள் காலடிகள் மட்டும் இருந்தன. வேறு ஒரு தடமும் இல்லை.

நிறுத்தியிருக்கலாம். இன்னும் மூன்றுதான் என்று நினைத்தான். அழுத்தினான். இருமல். அழுத்தினான். இருமல். கடைசி முத்திரை விரல்தோலில் ஒட்டிக்கொண்டது, பிய்த்துத்தான் எடுத்தான்.

பெரிகான் திரும்பவில்லை.

விருந்தினர் அறையில் ஈரக் கம்பளி நாற்றம். ஐந்து பேர் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்கள். அடுப்பு கனன்றது. அவர்கள் தோள்களில் பனி உருகவில்லை. குவளைகள் காலியாக இருந்தன.

"வா, ஆகா. அப்பன் சாயல் அப்படியே." தெமோவின் குரல். அந்தக் கரகரப்பு மாறவில்லை. "சாட்சிக்குக் கூப்பிட்ட. வந்துட்டோம்."

"என் பொண்டாட்டி எங்க?"

"முன்னாடி போயிட்டா. சாட்சின்னா எல்லையை நடந்து காட்டணும்ல? சும்மா குத்திட்டுப் போறதா?"

யாரோ சிரித்தார்கள். பல்லில்லாத சிரிப்பு.

எழுந்து வெளியேறியவர்களின் பின்னால் நடந்தான். பனி முழங்கால் வரை. வீட்டு விளக்கு பின்னால் சிறுத்தது. பெரிகானைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே போனான். புல்வெளி முடிந்தது. அவர்கள் நிற்கவில்லை.

"எல்லை தாண்டிட்டோம்" என்றான்.

"உங்க அப்பா எங்களை அனுப்பின எல்லை இன்னும் மேல இருக்கு, ஆகா."

ஏற்றம். காற்று. விளக்கு இல்லை.

கணவாய்.

அங்கே அவர்கள் வரிசையாக உட்கார்ந்தார்கள். இடுப்புவரை. மார்புவரை. பனி இறுகியது. நடுவில் இரண்டு பேருக்கான இடம் விட்டிருந்தார்கள்.

ஒன்றில் பெரிகான் உட்கார்ந்திருந்தாள். திறந்த கண்களில் பனி விழுந்தது. இமைக்கவில்லை. அவள் கை மட்டும், பக்கத்துப் பனியை மெத்தையைப்போல் மெல்லத் தட்டித் தட்டிச் சரிசெய்துகொண்டிருந்தது.