முன்சுவரும் பின்சுவரும்

வியாழன், காலை 9.10. திருவள்ளூரில் ஒரு மருத்துவமனையின் மகப்பேறு வார்டு.

பூமிகாவுக்காக எடுத்துவைக்கச் சொல்லியிருந்த ஆறு பை இரத்தம், கேஸ் ஷீட்டில் 'வேண்டாம்' என்று சிவப்பு மையில் அடிக்கப்பட்டிருந்தது. அதை முதலில் கவனித்தவள் நர்ஸ் மெர்சி. பதினொரு மணிக்கு அறுவை. மூன்றாவது பிரசவம், முதல் இரண்டும் சிசேரியன்.

"யார் சார் அடிச்சது?"

"நான்தான்," என்றார் டாக்டர் வெங்கடேசன். "குழந்தையோட நஞ்சுக்கொடி பழைய சிசேரியன் தையலுக்குள்ள வேர் விட்டிருக்கலாம்னு அல்ட்ராசவுண்ட் சொல்லிச்சு. எம்.ஆர்.ஐ.க்கு அனுப்பினேன். சுத்தமா இருக்குன்னு நேத்து ரிப்போர்ட் வந்துடுச்சு. பெரிய மெஷினைத்தானே நம்பணும்?"

மெர்சி இரண்டு அறிக்கைகளையும் மேசைமேல் விரித்து வரிவரியாகப் படித்தாள். அல்ட்ராசவுண்டில் நஞ்சு கருப்பையின் முன்சுவரில், அதன் வாயை மூடியபடி. பத்து நாள் கழித்து எடுத்த எம்.ஆர்.ஐ.யில் பின்சுவரில், வாயை விட்டு விலகி. எடுத்த நேரம்: செவ்வாய், 11.20.

9.25. பூமிகாவின் கட்டிலருகே மாமியார் சந்திரகலா நின்றாள். ஆந்திராவில், தடாவில் வாழ்க்கைப்பட்ட அவள் மகள் காயத்ரி, நிறைந்த வயிற்றோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

"எம்.ஆர்.ஐ. மெஷினுக்குள்ள நீதானே போன, பூமிகா?"

"ஆமா சிஸ்டர். டமடமன்னு ஒரே சத்தம். பேஜாராப் பூட்ச்சு."

"இன்னா சிஸ்டர், போலீசு மாதிரி கேக்கற?" என்றாள் சந்திரகலா.

"போலீசா இருந்தா லத்தியோட வந்திருப்பேன். கர்ப்பிணி நோட்டைக் குடும்மா."

கும்மிடிப்பூண்டிப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தின் பதிவு அதில் இருந்தது. செவ்வாய், இரும்புச்சத்து டிரிப், 10.45 முதல் 11.45 வரை.

"காயத்ரி, உனக்கு எத்தினி மாசம்?"

"ஏழு." அவள் அண்ணியைப் பார்த்தாள்.

"நான்தான் சிஸ்டர்!" சந்திரகலா முன்னால் வந்தாள். "மருமவ காப்பீட்டு அட்டையை எடுத்து இவளாண்ட குடுத்தது நான்தான். அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

"இல்லம்மா," என்றாள் மெர்சி. வெங்கடேசன் வாசலில் வந்து நின்றிருந்தார். அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

"குழந்தை புரளும் சார். நஞ்சு முன்சுவரை விட்டுப் பின்சுவருக்குப் போவாது. ரெண்டு மெஷினும் பொய் சொல்லல. ரெண்டு வயித்தைப் பார்த்திருக்கு. செவ்வாக்கெழம பதினொண்ணு இருவதுக்குப் பூமிகா கையில டிரிப் ஏறிக்கினு இருந்துச்சு. மாமியார் மறைச்சிருந்தா, 'எனக்கு எப்போ ஸ்கேன்'னு இவ கேட்டிருப்பா. கேக்கல. போவாத எடத்தோட சத்தத்தையும் சொல்றா. போனவ சொல்லிக் குடுத்திருக்கா. காயத்ரியை அனுப்பினது பூமிகாதான்."

பூமிகா காயத்ரியின் கையைப் பிடித்தாள். "அவளுக்கு ரத்தம் பட்டுச்சு சிஸ்டர். அவ அட்டை ஆந்திராவுது, இங்க செல்லாதுன்னுட்டாங்க. எனக்குத்தான் ஒரு ஸ்கேன் எடுத்தாச்சே, எடுத்ததையே திருப்பி எடுக்கறாங்கன்னு நெனச்சேன். அப்பறம் சொன்னா கேஸாவும்னு பயம்."

"அண்ணி பேரைக் கூப்ட்டாங்க, எழுந்து போனேன். அவ்ளோதான்," என்றாள் காயத்ரி.

"திருப்பி எடுக்கறதில்லம்மா," என்றார் வெங்கடேசன். "முதல் சந்தேகத்தை அல்ட்ராசவுண்ட் சொல்லும். எவ்ளோ ஆழம் போயிருக்கு, மூத்திரப்பையைத் தொட்டுடுச்சான்னு பார்க்க எம்.ஆர்.ஐ. துணைக்கு வரும்." குரல் தாழ்ந்தது. "நானும் அறிக்கையோட கடைசி வரியை மட்டுந்தான் படிச்சேன்."

அறுவை தள்ளிப்போனது. 2.15க்கு இரத்தம் வந்து சேர்ந்தது. 2.50க்குப் பெண் குழந்தை அழுதது. நஞ்சு மூத்திரப்பை வரை ஊடுருவியிருந்தது. ஆறு பையும் செலவாயின. கருப்பையைக் காப்பாற்ற முடியவில்லை.

வெள்ளி, காலை 7.30. பூமிகா கண் விழித்தாள். மெர்சி எதையும் மறைக்காமல் சொன்னாள்.

"அப்போ அந்த நல்ல ரிப்போர்ட்டு காயத்ரியோடதுதானே சிஸ்டர்?"

"அவளோடதுதான்."

"அது போதும்," என்றாள் பூமிகா.